அக்செனியா சொன்ன அளவு

ஒரு மருத்துவ ஆய்வுக்காக, இறந்துபோனவர் எவ்வளவு குடித்தார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதுவதுதான் எங்கள் வேலை. ஓர்ஹெய் நகரத்துப் பக்கக் கிராமங்களில் அதை என்னைவிட நன்றாகச் செய்தவள் அக்செனியா.

"என் வீட்டுக்காரரா? குடிக்கவே மாட்டார்" என்பார்கள்.

"சாப்பாட்டோட ஒயின்?"

"அது சாப்பாடுதானேம்மா!"

"எந்த டம்ளர்ல? எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்பாள். அதில் தண்ணீர் ஊற்றி அளந்து எழுதிக்கொள்வாள்.

அக்டோபரில் அவள் கணவர் ப்ரோஃபிர் இறந்தார். டிராக்டர் ஓட்டியவர், ஐம்பத்து நாலு வயது. நாங்கள் போய்க் கேட்க வேண்டிய வீடுகளின் ஜனவரிப் பட்டியலில் அவர் பெயரும் வந்தது.

"நீயே வா, இலிங்கா" என்றாள். போனேன். அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கடைசி ஒரு வருஷத்துல குடிச்சாரா?"

"இல்ல. கல்லீரல் போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நிறுத்தினாரு. பதினாறு மாசம். ஒரு சொட்டுகூடத் தொடல."

"அதுக்கு முன்னாடி?"

"சாப்பாட்டோட ஒரு டம்ளர்."

நானே அந்த வீட்டு நிலவறையைப் பார்த்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் நிரப்பும் இரண்டு பீப்பாய்களும் ஈஸ்டருக்குள் காலியாகிவிடும்.

"அக்கா..."

"பேர் எங்கயும் வராதுன்னு எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன். தெரியும்டி. ஆனா சொல்ல வாய் வரமாட்டேங்குது. ஒண்ணுன்னு எழுது."

எழுதினேன். படிவத்துக்குக் கடைசி ஒரு வருஷம்தான் கணக்கு; குடிக்காதவர் என்ற கட்டத்தில் ப்ரோஃபிர் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஆய்வின் தலைமை மருத்துவர் எங்களைக் கூட்டி முடிவுகளை வாசித்தார். அளவாகக் குடித்தவர்களைவிடக் குடிக்காதவர்கள் சீக்கிரம் இறந்திருந்தார்கள். "இதைத்தானே எங்க மாமனார் தினமும் சொல்றாரு!" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் அக்செனியா எழுந்தாள். "குடிக்காதவங்கள்ல எத்தனை பேர் நோய் வந்து நிறுத்தினவங்க, டாக்டர்?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லையேம்மா."

"என் வீட்டுக்காரர் அதுல இருக்கார். நான் சொன்ன அளவும் பொய். மூணு லிட்டர் ஜாடி, தினமும். திருத்திக்குங்க."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க ஒரு தாளைத் திருத்திடலாம். மத்ததையெல்லாம் யாரைக் கேட்டுத் திருத்தறது?"

அவள் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. வெட்கம்கூட இல்லை.

அடுத்த படிவத்தில் 'எப்போது, ஏன் நிறுத்தினார்?' என்று ஒரு வரி சேர்த்தார்கள். திங்கட்கிழமை புதுப் பட்டியல் வந்தது. முப்பத்திரண்டு பெயர்கள். அக்செனியா தன் பங்குக்குப் பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனாள்.