ஆறாம் பெட்டில் ஒரு மணி நேரம்

போர்ட் பிளேரில் இருபத்தாறு வருடம் ஐசியு நர்ஸாக இருந்தேன். புதிதாக ஐசியுவுக்கு வரும் நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது.

ஆறாம் பெட்டில் முருகேசன். புரோத்ராபூர்க்காரர், தண்ணீர் டேங்கர் ஓட்டியவர். லாரி மேலிருந்து விழுந்து தலையில் அடி. மூன்றாம் நாள், இரண்டாவது டெஸ்டும் முடிந்து, மதியம் ஒரு மணிக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர் மனைவி வசந்தா இரண்டு கிட்னியையும் கொடுக்கச் சம்மதித்தாள். மெயின்லேண்டிலிருந்து ஆபரேஷன் டீம் மறுநாள் காலை ஃப்ளைட்டில் வருவதாக ஏற்பாடு.

கையெழுத்தானதும் எனக்குள் ஏதோ தளர்ந்துவிட்டது. இனி எதற்கு என்று மானிட்டர் அலாரத்தை அணைத்தேன். நாலாம் பெட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், அங்கே போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது முருகேசனின் யூரின் பை முட்டிக்கொண்டு நின்றது. பிரஷர் எழுபது.

டியூட்டி டாக்டர் பெங்காலி. எப்போதும் அதட்டாதவர் அன்று அதட்டினார்.

“யே க்யா, சிஸ்டர்? பிரெய்ன் கயா, கிட்னி நஹீன் கயா!”

மூளைதான் போனது, கிட்னி போகவில்லை. எனக்குத் தெரியாததா? மூளை நின்றால் யூரினைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் நின்றுவிடும். உடம்பின் தண்ணீரெல்லாம் வெளியேறும், பிரஷர் இறங்கும், கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும். அப்படி வாடிய கிட்னியை இன்னொருவருக்கு வைத்தால் அது வேலையைத் தொடங்கவே நாளாகலாம்.

நின்றுபோன அந்த ஹார்மோனுக்குப் பதிலாக வாசோபிரெசின் டிரிப் போட்டோம். வெதுவெதுப்பான சலைன் ஏற்றினோம், கம்பளி போர்த்தினோம், சோடியம் பார்க்க ரத்தம் அனுப்பினோம். பிரஷர் மெல்ல ஏறி நூற்றுப்பத்தில் நின்றது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் வசந்தா பார்த்திருக்கிறாள். நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், சச் சொல்லுங்க, உண்மையச் சொல்லுங்க. இவ்ளோ பேரு ஓடுறீங்களே, அவருக்கு உசுரு வந்துடுச்சா?”

அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது கடினமாக இருந்தது.

“இல்ல வசந்தா. அவர் போயிட்டார். அவர் குடுக்கிறது நல்லபடியா போய்ச் சேரணும்னுதான் ஓடுறோம்.”

கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப நான் அவரு காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காரலாமா? ஜில்லுனு ஆகக் கூடாதுல்ல?”

ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். என் ஷிஃப்ட் முடியும்வரை இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கு மணி யூரின் அளந்து எழுதினேன். மறுநாள் கிட்னிகள் ஃப்ளைட் ஏறின.

மூன்று வாரம் கழித்து மெயின்லேண்ட் கோஆர்டினேட்டர் போன் செய்தார். யாருக்கு வைத்தார்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஒருவருக்கு ஆபரேஷன் டேபிளிலேயே யூரின் வந்துவிட்டது. இன்னொருவரின் கிட்னி பன்னிரண்டு நாள் தூங்கியது. அதுவரை அவருக்கு டயாலிசிஸ். பிறகு விழித்துக்கொண்டது.

அந்த ஒரு மணி நேரம்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். பல காரணம் இருக்கும், ஐஸ் பெட்டியில் போன நேரமும் ஒன்று என்றார். இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

புரோத்ராபூருக்குப் போய் வசந்தாவிடம் இரண்டு கிட்னியைப் பற்றியும் சொன்னேன், அலாரத்தை அணைத்ததையும் சேர்த்து. அவள் கோபப்படவில்லை.

“பன்னெண்டு நாள் அந்த வீட்ல எப்படித் தவிச்சிருப்பாங்க சிஸ்டர்,” என்றாள். “இப்ப ரெண்டு பேரும் டீக்தானே, நல்லா இருக்காங்கல்ல?”

“டீக்தான்.”

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

அன்று மதியம் ஒரு மணிக்கு என் நோயாளி இறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். உண்மையில் அந்த நிமிடம் முதல் எனக்கு இரண்டு நோயாளிகள். இருவரையும் நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை. அவர்களையும் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.