அம்மா வீட்டில் வாங்காத மூச்சு

போன வருடம் கார்த்திகை தீபத்துக்கு இருபது நாள் இருக்கும்போது நடந்தது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. பின்னறையில் கப் சாம்பிராணி செய்து கடைகளுக்குப் போடுகிறோம். அப்போது கரித்தூளையும் சாம்பிராணித் தூளையும் கலந்து அச்சில் அழுத்துவது மனைவி. கடைகளுக்கு எடுத்துப் போவது நான். காற்றில் தூள் பறந்து வீணாகிறது என்று அந்த அறையின் ஜன்னலைச் சாத்தி வைத்தவனும் நான்தான்.

அவளுக்கு அடிக்கடி லேசாக மூச்சு வாங்கும். குடத்தைத் தூக்கினால் நின்றுவிடுவாள். கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனாலோ ஒன்றும் இருக்காது. அங்கே வேர்க்கடலை கூடப் பிடுங்குவாள். திரும்பி வந்த மறுநாளே ஆரம்பித்துவிடும்.

தீப நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது. தெருவுக்கே கேட்கக் கத்தினேன். "அம்மா வீட்ல மல்லாட்ட புடுங்க மூச்சு இருக்குது, இங்க அச்ச அழுத்த மட்டும் இல்லியா? நல்லா நடிக்கிற!"

"ஆமா, சினிமாவுல கூப்ட்டாங்க. உங்களுக்காகத்தான் போவல." இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

டாக்டரிடம் கூட்டிப்போனதே அது நடிப்பு என்று நிரூபிக்கத்தான். அந்த டாக்டரம்மா ரத்தம் கம்மியா, தைராய்டா, இதயத்தில் கோளாறா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு.

"அம்மா வீட்டுக்குப் போனா நல்லா இருக்கா மேடம். எங்க வீட்டுக்கு வந்தாதான் வருது."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இத ஏன் மொதல்லயே சொல்லல? வீட்ல என்ன வேலைங்க?"

சொன்னேன். ஜன்னலையும் சொன்னேன். அவளை ஒரு கருவியில் ஊதச் சொன்னார். மருந்து கொடுத்து மறுபடியும் ஊதச் சொன்னார். தூள் பட்டு மூச்சுக்குழாய் சுருங்குகிறது, அம்மா வீட்டுக்குப் போனால் சரியாவதே அதற்கு அடையாளம் என்றார்.

நான் எதை வைத்து அவளைக் குத்தினேனோ, அதுதான் அவள் நோயைக் காட்டிக்கொடுத்தது.

வெளியே வந்ததும், "நடிப்பு எப்டிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஜன்னலைத் திறந்தேன்.

இப்போது தூள் வேலை முழுக்க வெளியே கொட்டகையில்தான். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு நான் செய்கிறேன். அவள் இன்ஹேலர் எடுக்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் வாசலில் நின்று ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். அவளுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது தூள் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.