மதாம் மீனுக்கு வந்த அம்மை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம் கோடையில், மாமா ஒரு கண்ணாடித் தொட்டியை வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாகூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். அவர் அம்மாவின் தம்பி. புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சமையல் செய்தவர். அந்தக் குடும்பம் கப்பலேறிவிட்டது. போகும்போது அந்த வீட்டு எஜமானி மதாம் தொட்டியையும் அதிலிருந்த நாலு சிவப்பு மீன்களையும் அவரிடம் கொடுத்து, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். மதாம் வருவாள், பழைய வேலை கிடைக்கும் என்று மாமா நம்பினார். மீன் உயிரோடிருக்கும்வரை வேலையும் உயிரோடிருக்கும் என்பது அவர் கணக்கு.

"இத்துனூண்டு மீனுக்கு இம்மாம் பெரிய தொட்டியா? கொழம்பு வெச்சா ஒரு வாய்க்கு வருமாடா மச்சான்?" என்பார் அப்பா. மாமா சிரிக்க மாட்டார். வாய்க்கால் சேற்றைக் கிளறிப் புழு எடுத்துவந்து போடுவார். மீன் தின்று முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

அம்மா தொட்டிப் பக்கம் திரும்பியதேயில்லை. அந்த நாட்களில் அம்மா எதையுமே சரியாகப் பார்த்ததில்லை. முந்தின கோடையில் பெரியம்மை கண்டு என் தங்கச்சி போய்விட்டாள். அதன் பிறகு அம்மா எங்களுக்கெல்லாம் உப்புப் போட்டுச் சமைப்பாள். தன் கஞ்சியை மட்டும் உப்பு போடும் முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொள்வாள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு அப்போதும் கிடையாது.

ஒரு நாள் மீன்கள் அடியில் கிடந்த கூழாங்கற்களில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன, தினவெடுத்த மாடு தூணில் உரசுவது மாதிரி. மறுநாள் வாலிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

மாமா போட்ட கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். குனிந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முத்து போட்டிருக்குடா. ஆத்தா வந்துட்டா."

"மீனுக்கு அம்மையா? மாட்டு வைத்தியன் கேட்டா வயிறு வலிக்க சிரிப்பான்" என்றார் அப்பா.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. வாசலில் வேப்பங்கொத்தைச் செருகினாள். வீட்டில் தாளிப்பு நின்றது. கருவாடு நின்றது. மோர் வாங்க வந்தவர்கள் கொத்தைப் பார்த்து, யாருக்கு என்று கேட்கவும் பயந்து அப்படியே திரும்பிப் போனார்கள். "தொட்டியில கெடக்கிற மீனுக்கு நான் பத்தியம் இருக்கணுமா? இன்னா வூடுடா இது!" என்று அப்பா புலம்பினார். ஆனால் கொத்தைப் பிடுங்கிப் போடவில்லை.

தொட்டியில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கலக்கினாள் அம்மா. தண்ணீர் கலங்கி, மீன்கள் நிழல் போலத்தான் தெரிந்தன. மதியம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் கண்ணாடியை மேலிருந்து கீழாக மெல்ல வருடிக்கொண்டிருந்தாள். தங்கச்சிக்கு அரிப்பெடுத்தபோது வருடியது போலவே.

முதல் மீன் செத்து மிதந்த அன்றுதான் மாமாவுக்கு ஞாபகம் வந்தது.

"யக்கா, மதாம் வூட்ல ஒரு தபா இதே மாதிரி புள்ளி வந்துச்சுக்கா. கல்லுப்பைக் கரைச்சு ஊத்தினாங்க. ஊறுகா போடப் போறாங்கன்னு நான்கூட சிரிச்சேன். கொஞ்ச நாள்ல புள்ளியெல்லாம் உதிர்ந்து பூடுச்சு."

சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு ஓடி, உப்புச் சாடியிலிருந்து ஒரு கை அள்ளிவந்தார். அம்மா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

"வேணாண்டா. பாப்பா உப்பு கேட்டுச்சுடா. கஞ்சி எறங்கல, ஒரு கல்லு போடும்மான்னு அழுதுச்சு. போடக் கூடாதுன்னு தெரியும். மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம போட்டேன். விடியறதுக்குள்ள பூட்டுச்சுடா."

மாமா மூடிய கையோடு நின்றார். வியர்வையில் உப்புக் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. பிறகு அடுப்படிக்குப் போய் அதைத் திரும்பச் சாடியிலேயே போட்டார். நான் பின்னாலேயே ஓடி, "போடு மாமா, செத்துடும் மாமா" என்றேன்.

"சும்மா இருடி" என்றார்.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு செத்தன. மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவும் கேலி பேசுவதை விட்டுவிட்டார். கடைசி மீன் ஒரு சாயங்காலம் பக்கவாட்டில் சாய்ந்தது. அம்மா அதைக் கையில் அள்ளினாள். உள்ளங்கையில் ஒருமுறை வாயைத் திறந்தது, அவ்வளவுதான். புள்ளிகள் அப்படியே இருந்தன.

"உப்பு போடலியேடா" என்றாள். அழவில்லை. நிஜமாகவே கேட்பது போல மாமாவின் முகத்தைப் பார்த்தாள். "ஒரு கல்லுகூட போடலியே. அப்பவும் பூட்டுதேடா."

"அதனாலதாம்மா..." என்று நான் ஆரம்பித்தேன். மாமா என் தொடையில் கிள்ளினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உப்புல இன்னாக்கா இருக்குது" என்றார் மாமா. "போட்டாலும் பூட்டிருக்கும், போடாட்டியும் பூட்டிருக்கும்."

மீனைக் கொல்லையில் புதைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். மதாம் வரவேயில்லை. மாமா கரும்பு வெட்டப் போனார்.

கடைசி மீனைப் புதைத்த அன்று நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, தொடையில் சிவந்திருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருந்து தெரிந்தும் மீனைச் சாகவிட்டு, பொய்யும் சொல்கிற ஆளோடு இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எதிரே அம்மா தன் கஞ்சியில் ஒரு கல் உப்பைப் போட்டு விரலால் கலக்கினாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

உப்பு கரித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.