மெல்லிசைக் குழு என்று எழுதிய டிரம்

போன வாரம் மல்லூர் தாண்டியதும் எங்கள் பேருந்து ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பட்டறையிலிருந்து அப்போதுதான் இறங்கிய புது லாரி. பெயிண்ட் வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கில் ஏறியது. பின்பக்கம் வழக்கமான ‘ஒலி எழுப்பவும்’. அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில், சிவப்பு நிழல் கொடுத்து, ‘தள்ளி நில்லு, நான் வாரேன்’. பக்கத்து இருக்கைப் பெண் அதைப் பார்த்ததும் பாட்டாகவே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஒரு பாட்டு ஜெயித்துவிட்டதா என்று பார்க்க வேறு எங்கும் போக வேண்டாம், லாரி முதுகைப் பார்த்தால் போதும். பாடியவள் கோமதி, என் கல்லூரித் தோழி. அந்த வரியை எழுதியவள் நான். திருச்செங்கோடு டவுன் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு நின்றபோது கோபத்தில் வந்த வரி. அது லாரிக்காரருக்கும் தெரியாது, முணுமுணுத்த பெண்ணுக்கும் தெரியாது.

அந்த எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் கோமதி செய்தி அனுப்பியிருந்தாள்: “நம்ம பழைய டிரம்மு இருக்குதா புள்ள? சென்னைக் கச்சேரிக்கு மேடைல வெக்கோணும்.” நான் பதில் போடவில்லை.

பெயிண்ட் வாசனை என்றால் எனக்கு அப்பா வேலை பார்த்த பட்டறைதான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, அப்பா அங்கே தகடு தட்டும் டிங்கர். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்காது. பாதி கட்டிய லாரிகளுக்கு நடுவே நானும் கோமதியும் பயிற்சி எடுப்போம். அவள் கிட்டார், குரல். நான் டிரம், பாட்டு எழுதுவது, அப்புறம் சட்டம் பேசுவது. கல்லூரிக் கணினியில் உட்கார்ந்து படித்துப் படித்து, நாங்கள் வாசிப்பது மேல்நாட்டு ராக் இசையில் ஹார்ட்கோர் பங்க் என்கிற வகை என்று கண்டுபிடித்தவள் நான்தான். வேகமாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், கத்த வேண்டும், யாருக்கும் வளைந்து கொடுக்கக் கூடாது. ஒரு டீ ஆறுவதற்குள் எங்கள் மூன்று பாட்டு முடிந்துவிடும்.

கத்துவதற்கு கோமதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குமாரபாளையத்தில் அவள் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். உப்பு எடுத்து வா என்பதையே அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் அங்கே சொல்வார்கள். விடுதியில் அவள் வீட்டுக்குப் போன் பேசினால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்று இரண்டு மாடிக்கும் தெரியும். என்னை அழைத்தால் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பேன், அப்போதும் நன்றாகவே கேட்கும். அந்தத் தொண்டை மேல் எனக்கு அன்றைக்கே பொறாமை. நான் கத்தினால் கீச்சென்று வரும், அதனால்தான் டிரம்முக்குப் போனேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

டிரம்மை, கலைந்துபோன ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரரிடமிருந்து அப்பா வாங்கிக் கொடுத்தார். பெரிய டிரம்மின் முகத்தில் அவர்கள் பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுத பட்டறையில் லாரிக்கு எழுத்து எழுதும் ராசு அண்ணனிடம் விட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால், பூப்போட்ட வளைவுக்குள் ‘மெல்லிசைக் குழு’ என்று எழுதியிருக்க, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அன்னம் நிற்கிறது.

“அண்ணா, என்னங்ண்ணா இது?”

“பாட்டுப் பாடறீங்கள்ல கண்ணு? பாட்டுக்கு மெல்லிசைக் குழுன்னுதானே போடுவாங்க?”

கோமதி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பா கைகழுவிவிட்டு வந்தார். “என்ன சாமி எழுதியிருக்குது?” வாசித்துச் சொன்னேன். “நல்ல பேரு,” என்றார்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். எங்கள் வீட்டில் எழுத்து என்றால் நான்தான். பஸ் பலகை, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான் வாசித்துச் சொன்னால்தான் உண்டு. பள்ளிக்கூடம் போன முதல் ஆள். என் டிரம்மில் ஒரு தப்பான வார்த்தை இருப்பதும் என் முகத்தில் கரி அப்பியிருப்பதும் எனக்கு ஒன்றுதான்.

அழிப்பதற்குள் வினை வந்துவிட்டது. பட்டறைக்கு வந்த ஒரு லாரி முதலாளி டிரம்மைப் பார்த்துவிட்டு, பேரனின் காதுகுத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். கோமதி கேட்கவில்லை, “சோறு போடுவாங்க, வா புள்ள,” என்று இழுத்துப் போனாள். முதல் பாட்டை ஆரம்பித்ததும் பந்தலில் எல்லோருடைய கையும் இலையிலேயே நின்றுவிட்டது. முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: “ஏனுங்க சாமி, மைக் டெஸ்டிங் முடிஞ்சுதுங்களா? பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?”

மறுநாளே பெயிண்ட் கரைக்கும் தின்னரும் பழந்துணியும் எடுத்து நானே தேய்த்தேன். அன்னங்கள் சீக்கிரம் போய்விட்டன. எழுத்து மட்டும் போகமாட்டேன் என்று வெளிறிய கறையாக நின்றது. அதன் மேலேயே ‘ஹார்ட்கோர் பங்க்’ என்று ராசு அண்ணனை எழுத வைத்தேன். அதற்குப் பிறகு பட்டறைக்கு வருகிற டிரைவர்களுக்கெல்லாம் நாங்கள்தான் பொழுதுபோக்கு. “ஏனுங்க, இந்த பங்க்குல டீசல் கெடைக்குமுங்களா?” “ஹார்ட்டுல என்னங்க கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போகலாமில்ல?” அவர்களுக்கு பங்க் என்றால் பெட்ரோல் பங்க் ஒன்றுதான். நான் நின்று விளக்கம் சொல்வேன். கோமதி, “ஃபுல் டேங்க் அடிச்சரலாமுங்களா?” என்பாள்.

காதுகுத்தில் யாரோ போனில் எடுத்த வீடியோ அதன் பிறகுதான் ஊரெல்லாம் சுற்றியது. அன்னமும் பூவுமாக ‘மெல்லிசைக் குழு’, அதற்கு முன்னால் நரம்பு புடைக்கக் கத்துகிற ஒரு பெண். அந்தப் பொருத்தத்துக்குத்தான் ஆளாளுக்குச் சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் அழைத்தார். பாட்டும் ஆளும் அப்படியே வரட்டும், பெயர் மட்டும் ‘மெல்லிசை’ என்றே இருக்க வேண்டும் என்றார்.

“அது ஹார்ட்கோர் இல்ல,” என்றேன்.

“எந்தப் பேர்ல கத்துனா என்ன புள்ள? கத்தத்தானே போறோம்.”

“இவங்க வேடிக்கை பாக்கக் கூப்பிடறாங்க. இத்தன கூட்டத்துக்குப் புடிச்சா அது ஹார்ட்கோரே இல்ல.”

“அப்ப ஆளில்லாத காட்டுல போய்ப் பாடு.”

பாதி கட்டிய லாரிக்குள் நின்றுகொண்டு இதைச் சொல்லிவிட்டு கிட்டாரை உறையில் போட்டாள். சென்னை பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. இப்போது நினைத்தாலும் நான் சொன்னது சரி என்றுதான் தோன்றுகிறது. சரியாக இருப்பதில் இவ்வளவுதான் கிடைக்கும் என்று மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

இப்போது பேட்டிக்குப் பேட்டி அவள் டிரம் கதையைச் சொல்கிறாள். ராசு அண்ணனுக்குப் பெயர் உண்டு, அன்னத்துக்கு இடம் உண்டு. “அப்ப எங்கூட ஒரு புள்ள வாசிச்சா, அவளுக்குப் புடிக்காம தின்னர் போட்டு அழிச்சுட்டா,” என்று சொன்னதும் எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த ஒரு புள்ள நான். வரி எழுதியவள் என்று இல்லை, அழித்தவள் என்று. ஒரு பேட்டி விடாமல் எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பட்டறை இப்போது அங்கே இல்லை. அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு பெட்ரோல் பங்க் வந்திருக்கிறது. டிரைவர்கள் ஜெயித்துவிட்டார்கள். டிரம் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. மேலே நான் எழுத வைத்தது பாதி உதிர்ந்துவிட்டது. அடியில் இருக்கும் ‘மெல்’ மட்டும் இன்னும் தெரிகிறது.

லாரியைப் பார்த்த அன்று மதியம், அலுவலக மாடிப்படியில் நின்று அவளை அழைத்தேன். சேலத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை எனக்கு. போனில் பதமாகப் பேசுவதற்குத்தான் சம்பளம். பழைய ஞாபகத்தில் போனை ஒரு முழம் தள்ளியே பிடித்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை. காதோடு சேர்த்து அழுத்தினால், எங்கோ இருந்து வருகிற மாதிரி மெதுவாக, அழகாக ஒரு குரல். தொண்டையைப் பாதுகாக்கச் சொல்லியிருக்கிறார்களாம், மேடைக்கு வெளியே சத்தம் கூடாதாம்.

“டிரம்மு தர மாட்டேன், கோமதி. வேணும்னா வந்து வாசிக்கறேன். அந்த வரிக்கு என் பேரு போடோணும்,” என்றேன். என் குரலும் அலுவலகக் குரலாகவே வந்தது.

கோமதியின் மெல்லிய குரல் சொன்னது:

“சரியா கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா?”