படித்து முடிக்கும் வரை நிற்காத எழுத்து

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸில் இருந்தபோது கைபேசி சிணுங்கியது. எங்கள் ஆபீஸ் குழுவுக்கு, கூட வேலை பார்க்கும் மணிமேகலை ஏதோ அனுப்பியிருந்தாள். முன்பெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டிப் படிக்கச் சொல்வேன். ஒன்றரை வருடமாக யாரிடமும் நீட்டுவதில்லை. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். "ஜபருல்லா பாய் இன்று விடிகாலை மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார்கள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பின் லப்பைக்குடிக்காட்டில் அடக்கம்." மாரடைப்பு என்ற சொல்லில் தடுக்கி, திரும்பவும் முதலிலிருந்து கூட்டினேன். அதற்குள் திரை இருண்டது. தொட்டேன். செய்தி அங்கேயே இருந்தது. அறுபத்தொன்பது வயதில் நானே படித்த முதல் சாவுச் செய்தி அது.

பாயைத் தெரிந்தவர்களுக்கு அந்த மாடி அறையும் தெரியும். பெரம்பலூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே ஆறு நாற்காலி, ஆறு கம்ப்யூட்டர். வெளிநாட்டில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய பாய் அதை நடத்தினார். ஒரு பெரிய கம்பெனி உருவாக்கும் விளையாட்டை, எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன்னால் ஆடிப் பார்த்துக் குறை சொல்வதுதான் அங்கே வேலை. நான் வாட்ச்மேனாகச் சேர்ந்தவன்.

அந்த விளையாட்டு வேறொரு கிரகத்தில் நடக்கிறது. அங்கே காற்று கிடையாது. முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு, பல நாட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, சேர்ந்து ஊர் கட்ட வேண்டும். இப்படி ஓட்டை விழுந்த விளையாட்டை நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததே இது ஒன்றுதான் என்றாலும் சொல்லத்தான் செய்வேன். நடந்துகொண்டிருக்கும்போதே தரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறு பேர் மூன்று நாள் உட்கார்ந்து கட்டிய ஊர் நாலாம் நாள் காலையில் இருக்காது. எந்த நாட்டிலோ ஒருவர் தும்முவது என் காதில் கேட்கும், பக்கத்தில் நிற்கும் மணிமேகலை பேசுவது கேட்காது. தமிழிலும் ஆடலாம் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் இருக்க வேண்டிய எழுத்தைக் காணோம். அந்தக் கொம்பையும் காலையும் ஒழுங்காகச் சேர்த்துப் போட, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து சாயங்கால வகுப்பில் எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சேர்த்துப் போட்ட அன்று ஏழு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தவர்கள் இவ்வளவு அலட்சியமாகவா பிரித்துப் போடுவார்கள்?

இதை நான் முணுமுணுத்தது பாய் காதில் விழுந்துவிட்டது. மறுநாளே என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். "இந்த ஆறு பேருக்கும் கண்ணு பழகிப் போச்சு பெரியவரே. எழுத்தப் பாக்காமயே ஓடுறாங்க. நீங்க ஒண்ணொண்ணா பாக்குறீங்க. உக்காருங்க" என்றார். வெளியே வாசலை யார் பார்ப்பது என்று கேட்டேன். திருட வருகிறவனும் நம்ம கம்ப்யூட்டரைப் பார்த்தால் பாவப்பட்டுப் போய்விடுவான் என்றார்.

அவருக்கு ஒரு முறை உண்டு. குறையை ஒரு தாளில் மூன்று வரியாக எழுத வேண்டும். செய்தது, நடந்தது, நடந்திருக்க வேண்டியது. கீழே கண்டவர் பெயர். கண்டவர்தான் எழுத வேண்டும், இன்னொருவர் எழுதித் தரக்கூடாது. என் முதல் மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சாப்பாட்டு வேளை. எல்லோருக்கும் பசி. "தாத்தா, சொல்லுங்க, நான் அடிச்சிடுறேன்" என்றாள் மணிமேகலை. பாய் விடவில்லை. தானும் சாப்பிடப் போகாமல் என் பக்கத்தில் நின்றார்.

நான் எழுதிய குறை இதுதான். குடுவையில் காற்று தீரும்போது திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இரண்டு வரி. மூன்றாவது நொடியில் மறைந்துவிடும். முதல் வரியில் நான் பாதி தாண்டுவதற்குள் அது போய்விடும், கொஞ்ச நேரத்தில் நானும் செத்து விழுவேன். ஒரே நாளில் பதினொரு முறை செத்தேன். பையன்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. அன்றுதான் தன் கதையைச் சொன்னார்.

வெளிநாடு போன முதல் மாதம், ஒரு கட்டடத்தில் கதவின் மேல் அரபியில் பலகை. சின்ன வயதிலிருந்து ஓதியவர் என்பதால் அரபி எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அர்த்தம் தெரியாது. நின்று, ஓதுவதுபோலச் சத்தமாகப் படித்துக்கொண்டே கதவைத் திறக்கப் போனார். பின்னாலிருந்து ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை, லிஃப்ட் போகும் வெறும் குழி. "அதனால சொல்றேன் பெரியவரே, குறை உங்ககிட்ட இல்ல. எழுதி வெச்சவன்கிட்ட" என்றார்.

படித்துவிட்டேன் என்று ஆடுபவர் பட்டனை அமுக்கும் வரை எச்சரிக்கை நிற்க வேண்டும் என்று கேட்டு அனுப்பினோம். இது குறையே அல்ல, மூன்று நொடி போதும் என்று பதில் வந்தது. யாருக்குப் போதும்? பாய் மறுபடி அனுப்பினார். கடைசியில், அந்தப் பெரியவரையே காட்டுங்கள் என்று கம்பெனியிலிருந்து வீடியோவில் ஒரு சார் வந்தார். நல்ல சட்டை, நல்ல தமிழ்ப் பேச்சு. நான் ஆடினேன். எச்சரிக்கை வந்தது, மறைந்தது. "அய்யா, படிச்சீங்களா?" என்றார்.

இதை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆனது. அறுபத்தேழு வயது வரை பஸ் பலகையை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, நைசாக வேறொருவரிடம் கேட்டு ஏறியவன் நான். படிப்புத் தெரிந்தவர் முன்னால் தெரியாது என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை. "படிச்சுட்டேன் சார்" என்றேன். மணிமேகலை பல முறை படித்துக் காட்டியதில் மனப்பாடமாகியிருந்ததை ஒப்பித்தேன்: காற்று குறைந்துவிட்டது, நீல விளக்கு எரியும் கதவுக்கு உடனே திரும்பவும். "பாருங்க பாய், அய்யாவே படிச்சுட்டாரே" என்று அவர் சிரித்தார். குறை முடித்து வைக்கப்பட்டது. பாய் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில்: அய்யாவே படித்துவிட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மணிமேகலையிடம் உண்மையைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அன்னிக்கு வந்தது காத்து எச்சரிக்கையே இல்ல தாத்தா. புயல் எச்சரிக்கை. அந்த சாருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பாய் உடனே கவனிச்சுட்டாரு. எல்லார் முன்னாடியும் உங்களத் தலைகுனிய வெக்கக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டாரு. எங்களையும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

அன்றிலிருந்து என் கோபம் அடங்கவில்லை. படிக்கத் தெரியாமலே தலையாட்டிய அந்த சார் மேல் கோபம். அந்த ஆட்டலை நம்பி முடிவெழுதிய கம்பெனி மேல் கோபம். ஒருவர் செத்ததைச் சொல்லும் எழுத்து நான் எத்தனை முறை தொட்டாலும் அதே இடத்தில் நிற்கிறது. சாகாதே என்று சொல்லும் எழுத்தை மூன்றே நொடியில் மறைக்க இவர்களுக்கு என்ன அவசரம்? என் மேலும் கோபம். பாய் மேலும்தான். என் மானத்தைக் காப்பாற்ற அவர் தன் வழக்கில் தோற்றார். அதை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றே அந்த சாரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? தெரியாது. இப்போது சொல்ல முடியும்.

அடுத்த மாதம் அந்த விளையாட்டை எல்லோருக்கும் திறக்கப் போகிறார்களாம். என்னைப் போலக் கூட்டிப் படிக்கிற எத்தனையோ பேர் ஆசையாக உள்ளே போவார்கள், விழுந்து சாவார்கள், தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். அதனால் பாயின் நாற்பதாம் நாளுக்கு முந்தின தினம் மாடி அறைக்குப் போனேன். குறைத் தாளைக் கேட்டு வாங்கினேன். பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்று வரிதான்.

செய்தது: எச்சரிக்கையைப் படிக்காமலே படித்ததாகப் பொய் சொன்னேன்.

நடந்தது: நான் சொன்னது ஒன்று, திரையில் இருந்தது ஒன்று. கேட்டவர் சரி என்றார்.

நடந்திருக்க வேண்டியது: நான் படித்து முடிக்கும் வரை எழுத்து நின்றிருக்க வேண்டும்.

கண்டவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன. அதைப் படமெடுத்து அப்படியே கம்பெனிக்கு அனுப்பினாள் மணிமேகலை. பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மறுபடி எழுதுவேன், எழுதத்தான் தெரியுமே.

அன்றும் சாப்பாட்டு வேளைதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆறு பேரில் ஒருவரும், சொல்லுங்க தாத்தா, அடித்துத் தருகிறேன் என்று கேட்கவில்லை. நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்கள்.