அம்மா சொல்லாத வரி

இன்று திருகோணமலைத் துறைமுகக் கரையில் யாரோ தோணிக்குத் தார் பூச, அந்த வாசத்தில், இப்போது அங்கே இல்லாத எங்கள் தகரக்கூரைச் சிற்றாலயம் நினைவுக்கு வந்தது. ஞாயிறுதோறும் தார் வாசமும் அலைச் சத்தமும் யன்னலால் நுழைய, எல்லோரும் ஒரே குரலில் பரமண்டல ஜெபம் சொல்வோம்; பிறரை மன்னிக்கும் வரி வந்ததும் அம்மா மட்டும் வாயை மூடிக்கொள்வார். போரில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அன்று, அவருடைய தங்கை எங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

“எவ்வளவு ஜெபிச்சாலும் நெஞ்சு காய்ஞ்சுதான் கிடக்கு” என்பார் அம்மா.

ஒரு ஞாயிறு சித்தி வந்து கடைசி வாங்குப் பலகையில் அமர்ந்தார். ஜெபம் அந்த வரியை எட்டியபோது அம்மா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அக்கா, அண்டைக்குப் பயத்தில திறக்கேல்லை” என்று சித்தி அழுதார்.

“ஓம், எனக்கும் பயம்தான். அதாலதான் உன்ர வாசலுக்கு வந்தனான்.”

எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, அம்மா அந்த வரியைத் தனியாகச் சொன்னார். சபை அவருக்காகக் காத்திருந்தது. அன்றிரவு வீட்டு ஜெபத்தில், முதன்முறையாக, எங்கள் பெயர்களுக்கு முன்பாகச் சித்தியின் பெயரைச் சொன்னார்.