வசந்தாவின் கையெழுத்துக்காக ராஜகீழ்ப்பாக்கத்துக்கு இரண்டு முறை

வயிற்றுப் புற்றுநோய் அறுவையில் எடுத்த திசுவை ஆராய்ச்சிக்குத் தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் பம்மலிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்திலுள்ள ஓர் ஆய்வகத்துக்கு இரண்டு முறை போனேன். ஒருமுறை போதும்.

என் மனைவி வசந்தாவுக்கு மார்ச்சில் அறுவை. அன்று காலை அந்த ஆய்வகத்து ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புதல் படிவத்தோடு வந்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் கேட்டுச் சண்டை போட்டேன். அதில் இன்றும் நான் பின்வாங்கவில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள், "அதான் படிச்சுச் சொன்னாங்களே, நான் போட்டுடறேங்க" என்றாள். "நீ சும்மா இரு" என்றேன். கையெழுத்து இல்லாததால் திசு, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்துக்குப் போய், மெழுகில் பதித்த கட்டியானது.

இந்த ஆய்வைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். நான் லேத் பட்டறைக்காரன், பள்ளிப்படிப்பு எட்டு. இந்த ஆய்வு இரண்டு விதம். ஒன்று, உயிரோடிருக்கும் செல்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு வேலை செய்கிறதென்று பார்ப்பது. பம்மலில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதுபோல. இன்னொன்று, மெல்லிய சீவலில் எந்தச் செல் எங்கே, யார் பக்கத்தில் இருக்கிறதென்று பார்ப்பது. அது தெரு வரைபடம். ஃபார்மலினில் செல் செத்துவிடும், அதனால் முதலாவதை நான் கெடுத்துவிட்டேன். இரண்டாவதாவது நடக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் அந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கினேன். அதற்கான கடிதத்தில் வசந்தாவிடம் கையெழுத்து வாங்கியபோது எதற்கென்று சொல்லவில்லை.

செவ்வாய் காலை 8.10. பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். மடியில் டிபன் டப்பா.

"பெருசு, டப்பாவுல இன்னா கீது, இட்லியா?" என்றார் டிரைவர்.

"என் சம்சாரத்தோட வயித்துல ஒரு துண்டு."

"காலங்காத்தால பேஜார் பண்ணாத பெருசு!"

தாம்பரத்துக்கு ரயில், 5 ரூபாய். கிழக்குப் பக்கம் வேளச்சேரி பஸ் பிடித்தால் நாலு கிலோமீட்டர். 9.40க்கு ஆய்வகத்தில் இருந்தேன்.

அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ஒரு பெண். என் சம்மதக் கடிதத்தை முழுதாகப் படித்தார். நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

"எங்க முறைக்கு செல்லைத் தனித்தனியா பிரிக்க இது ஆகாது சார். சீவி வரைபடம் எடுக்கலாம். அம்மா இருக்காங்களா?"

"இருக்கா. வீட்டுல."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

நான் கடிதத்தை எடுத்து மடித்தேன். அவர் டப்பாவை என் பக்கமாகத் தள்ளி வைத்தார், மரியாதையாகத்தான்.

வீட்டில் வசந்தா டப்பாவைத் திறந்து பார்த்தாள். "வேணாம்னதும் நீங்க, தூக்கிட்டுப் போனதும் நீங்க. வயிறு மட்டும் என்னுது."

வெள்ளிக்கிழமை அவளே கிளம்பினாள். ரயிலில் நிற்க முடியாதென்று ஆட்டோ, 350 ரூபாய். இந்த முறை படிவம் தமிழில் இருந்தது. ஒரு வரிக்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சும்மா இருங்க" என்றாள், நிமிராமல். இருபது நிமிடம் படித்து, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டாள்.

போகிறவர்கள் கட்டியை வெயில் படாமல் கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரி அறிக்கை நகலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் நோயாளியைக் கேளுங்கள். படிவத்தில் கணவன் கையெழுத்துக்கென்று கோடு கிடையாது. அவள் போட்டு முடித்த பிறகும் நான் தேடிப் பார்த்தேன்.